சந்தை நாளில் குடித்த குளுக்கோஸ்

கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எதை, எப்போது, எத்தனை கிராம் என்று நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது, என்னைவிட வேகமாகத் தேடியும் எடுப்பீர்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் அது இல்லை, ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. எனக்கு அது தாராளமாகவே இருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் குறைந்தபாடில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் நான் வெகுகாலம் ஒரே மகப்பேறு மருத்துவராக இருந்தேன். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு டாக்டரம்மா என்றால் நான்தான். கடலை பிடுங்கும் காலத்தில் என் மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு பை பச்சைக் கடலை கிடக்கும். அப்புறம் இன்னொருவர் மாற்றலாகி வந்தார், என்னைவிட வயதில் சிறியவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "அவங்களா, எவ்வளவு நல்லவங்க" என்று ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. ஜனங்கள் அவரைச் சின்ன டாக்டரம்மா என்றார்கள். அதனால் நான் பெரிய டாக்டரம்மா ஆனேன். அந்தப் 'பெரிய' எதைக் குறித்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கொஞ்ச நாளிலேயே என் அறை வாசல் காலியாகிவிட்டது. வரிசை முழுக்க எதிர் அறையில். நான் கூப்பிட்டால்கூட, "இருக்கட்டும் டாக்டரம்மா, சின்னவங்க வரட்டும்" என்பார்கள். அவர் யாரையும் திட்ட மாட்டார். போன தடவை வந்தபோது சொன்ன நாத்தனார் கல்யாணத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிப்பார். நான் விசாரித்ததெல்லாம் மாத்திரை சாப்பிட்டாயா என்பதைத்தான். கடலைப் பையும் எதிர் அறைக்குப் போனது. எனக்குக் கடலை பெரிதில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். நம் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு வந்தாலும் சரி, சாப்பிடாமல் வந்தாலும் சரி, குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வோம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். நூற்று நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை, கீழே இருந்தால் இல்லை. பஸ் பிடித்து வருகிற பெண்ணை வெறும் வயிற்றோடு வரச் சொல்ல முடியாத ஊர்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் எங்கள் பெண்கள் அந்த இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார்கள். குடித்துவிட்டு, "ஆடு கட்டிக் கெடக்கு, போயிட்டு வாரேன்" என்று போனால் அடுத்த மாதம்தான் முகத்தைப் பார்க்கலாம். நான் கத்திப் பார்த்தேன். கத்தக் கத்த இன்னும் சீக்கிரமாகப் போனார்கள்.

சின்ன டாக்டர் கத்தவில்லை. கர்ப்பிணிகள் வரும் நாளை வாரச் சந்தை நாளுக்கு மாற்றினார். சந்தை அதே தெருவில், கூப்பிடு தூரம். எப்படியும் அன்றைக்கு எல்லாரும் வருவார்கள். வந்ததும் குளுக்கோஸைக் குடித்துவிட்டுச் சந்தைக்குப் போக வேண்டியது, காய்கறி வாங்கிக்கொண்டு சரியான நேரத்துக்குத் திரும்பி ரத்தம் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். ஒருத்தி விடாமல் திரும்பி வந்தார்கள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சின்ன டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் பக்கத்தில் நின்று கைதட்டினேன். இன்னொன்றையும் பாராட்டினார்கள். சந்தை நாளுக்கு மாற்றியதிலிருந்து சர்க்கரை என்று வருகிற தாய்மார்கள் குறைந்துவிட்டார்களாம். உழைக்கிற ஜனங்கள், அதனால்தான் என்று ஒருவர் விளக்கமும் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்தபோது இருந்த சர்க்கரை, இவர் வந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டதா? இதே ஜனங்கள் என் காலத்தில் உழைக்கவில்லையா?

சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. பிரசவ அறையில் நிற்கிறவள் நான். சர்க்கரை இல்லை என்று எழுதப்பட்ட தாய்மார்களுக்குப் பிறக்கிற குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிதாக இருந்தன. தலை வந்துவிடும், தோள் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொள்கிற நேரத்தில் நம் கைக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் துணை. வெளியே எடுத்துத் துடைத்துக் கொடுத்தால் வீட்டார் "கொழுகொழுன்னு இருக்கு" என்று மகிழ்ந்து போவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கொழுகொழுவுக்கு உடம்பில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். இதை ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னேன். அவர் என்னோடு வெகுநாள் வேலை செய்தவர், மறைக்காமல் பேசுவார். "மேடம், அவங்க பேரு வாங்குனது ஒங்களுக்குப் பொறுக்கல. கொஞ்சம் விட்டுருங்க" என்றார். பொறுக்கவில்லை என்பது உண்மைதான். குழந்தைகள் பெரிதாக இருந்ததும் உண்மைதான்.

அடுத்த சந்தை நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். வெங்காயம் வாங்குகிற சாக்கு. கையில் பையோடும் தலையில் முக்காட்டோடும், கர்ப்பிணிகளின் பின்னால் ஒரு அரசு டாக்டர் ஒளிந்து ஒளிந்து நடந்ததை யாராவது பார்த்திருந்தால் அது என் வேலைக்கே உலை வைத்திருக்கும். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது ஒரு ஓட்டை இருக்கும், அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது.

அங்கே ரஹ்மத்தைப் பார்த்தேன். பொன்னமராவதியில் குடியிருந்தாள். புருஷன் குவைத்தில். மாமியாரோடுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாள், சின்ன டாக்டரிடம் மட்டும்தான் காட்டுவாள். முதல் குழந்தை நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்தது. பெரிய குழந்தை. ஏன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவதாக உண்டானதிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் பயந்துகொண்டே இருந்தார்கள். அந்த ரஹ்மத் இரண்டு கையிலும் பையோடு சந்தையை விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு முழங்கால் வலி, அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட, மொத்தச் சாமானும் இவள் தலையில். பூசணிக்காய்க்குப் பேரம் பேசினாள், படியவில்லை, தெருக்கோடி வரை போய் வேறு கடையில் விசாரித்தாள், திரும்ப வந்தாள். நேரமாகிவிட்டது என்று கடைசியில் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் மட்டுமில்லை, எல்லாருமே அப்படித்தான் நடந்தார்கள். சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்கிறவர்கள் நாம். அந்த நாமே குளுக்கோஸைக் கொடுத்து, ரத்தம் எடுக்கும் வரை இவர்களை நடக்கவிட்டிருக்கிறோம். சோதனை நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், திரும்பி வருகிறார்களே என்ற சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை. வெங்காயக் கடை முன்னால் நின்றபடி எனக்கு வந்தது சந்தோஷம். சின்ன டாக்டர் மாட்டினாள் என்ற சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் ரஹ்மத்தை நினைத்துப் பயம் வந்தது.

அன்று அவளுக்கு வந்த எண் நூற்றுப் பதினெட்டு. சர்க்கரை இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த வாரம் மாதாந்திரக் கூட்டம் இருந்தது. பொன்னாடை போர்த்திய அதே அதிகாரிகள் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் இதைப் போட்டு உடைத்தால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் நாடகம் ஓட்டிப் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது வரை ரஹ்மத்தின் வயிற்றைக் காக்கவைக்க முடியாது. மறுநாளே வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வெறும் வயிற்று ரத்தம் ஒன்று எடுத்துக்கொண்டு, குளுக்கோஸ் கொடுத்து, என் அறையிலேயே ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தேன். எழுந்திருக்க விடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்த எண் நூற்று முப்பத்தெட்டு.

நடந்தபோது வந்ததைவிட நன்றாக ஏறியிருக்கிறது, என் சந்தேகம் சரிதான். ஆனால் நூற்று நாற்பதைத் தொடவில்லை. நம் கணக்கில் அவளுக்குச் சர்க்கரை இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு தாய்க்கு நோய் இல்லை என்று தெரிந்து ஏமாந்து போன டாக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் வெறும் வயிற்று எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். உலகத்தில் இதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. இன்னொரு அளவுகோலில், வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு இருந்தாலே போதும், கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதிவிடலாம். அதன்படி ரஹ்மத்துக்கு நோய் இருக்கிறது. நம் அளவுகோலின்படி இல்லை. இரண்டையும் வகுத்தவர்கள் விவரமானவர்கள்தான். ஒன்றில் அதிகம் பேர் பிடிபடுவார்கள், தேவையில்லாமல் ஊசியும் பயமும் சிலருக்குப் போகும். மற்றதில் வேலை சுலபம், சிலர் தப்பிப் போவார்கள். தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தைக்கு ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதே தவிர, ஒரு எண்ணில் கதவு திறந்து உள்ளே வருவதில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது.

எனக்கு ஒரு கோடு கைகொடுக்கவில்லை என்றதும் இன்னொரு கோட்டைக் கையில் எடுக்கிறேன். எதற்காக? ரஹ்மத்துக்காகவா, இல்லை எந்தக் கோட்டை வைத்து அளந்தால் சின்ன டாக்டர் தப்பாவாரோ அதைத் தேடி எடுக்கிறேனா? என்னால் சொல்ல முடியவில்லை. மனதுக்குள் பொறாமை கத்துகிறபோது மருத்துவம் பேசுவது காதில் விழாது.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். சின்ன டாக்டர் இந்த ஊருக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொண்டேன். சந்தை இல்லை, பொன்னாடை இல்லை, கடலைப் பையும் என் மேஜைக்கடியிலேயே இருக்கிறது. இப்போது ஒரு பெண் வருகிறாள். முதல் குழந்தை பெரிதாக, வயிற்றிலேயே இறந்தது. இந்தத் தடவையும் வயிறு மாதத்துக்கு மீறித் தெரிகிறது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றேழு. என்ன செய்வேன்? சாப்பாட்டை மாற்றுவேன், திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பேன், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் விடாமல் பார்ப்பேன், தேவைப்பட்டால் இன்சுலின் போடுவேன். அவரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பதில் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் சீட்டில் எழுதினேன்.

எழுதி என்ன செய்ய? வெளியே காத்திருந்த மாமியாரைக் கூப்பிட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்றுத்தான் சர்க்கரை இல்லையென்று சொன்னார்கள், இன்றைக்கு இருக்கிறது என்றால் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. ஏற்கெனவே ஒண்ண மண்ணுல வச்சுட்டு நிக்கிறோம். எங்களுக்குச் சின்ன டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லணும்."

ரஹ்மத்தைக் கூட்டிக்கொண்டு வராண்டா பெஞ்சுக்குப் போய்விட்டார். என் கையில் சரியான பதில் இருந்தது, அதைக் கேட்க ஆள் இல்லை. அந்தக் குழந்தை பிழைக்க வேண்டுமென்றால் நான் எழுந்து எதிர் அறைக்குப் போக வேண்டும். பத்தடி தூரம்தான். பணிக்காலத்தில் அதைவிட நீளமான தூரம் நான் நடந்ததில்லை.

வரிசையில் நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். பெரிய டாக்டருக்கே உடம்பு சரியில்லை போல என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, நடை, நூற்றுப் பதினெட்டு, நூற்று முப்பத்தெட்டு, தொண்ணூற்றேழு. முடித்ததும் சின்ன டாக்டர் ஒன்று கேட்டார்.

"நீங்க எதுக்கு மேடம் சந்தைக்குப் போனீங்க?"

வெங்காயம் வாங்க என்று சொல்லியிருக்கலாம். "ஒங்க மேல பொறாமை. அதான் போனேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்தத் தொண்ணூத்தேழையும் அப்படித்தான் பாத்தீங்களா?"

"இல்ல. ஒங்கள மறந்துட்டு ஒரு தடவை பாத்தேன். அப்பவும் அது தொண்ணூத்தேழாத்தான் இருந்துச்சு."

என் கையிலிருந்த சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். சண்டைக்குத் தயாராக நான் நின்றேன். நம் முறைப்படி தான் செய்தது சரிதானே என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வராண்டாவுக்குப் போனார். ரஹ்மத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, மாமியாரிடம், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நான் சரியா பாக்கல, மாமி. பெரிய டாக்டர்தான் சரியா பாத்திருக்காங்க. அவங்க சொல்றபடி செய்யுங்க."

நானாக இருந்தால் அந்த வார்த்தையை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லியிருப்பேன். கடலைப் பை, வரிசை, பொன்னாடை எல்லாவற்றையும் விட அந்த நிமிஷத்தில்தான் அவர் மேல் எனக்குப் பொறாமை அதிகம். தப்பை ஒத்துக்கொண்டதும் வரிசை கலைந்து என் பக்கம் வரும் என்று ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன். ஒரு பெண்கூட நகரவில்லை. சின்ன டாக்டரம்மா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க என்று அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

அடுத்த சந்தை நாளிலிருந்து யாரும் சந்தைக்குப் போகவில்லை, சந்தை ஆஸ்பத்திரிக்கு வந்தது. கீரைக்காரர், வெங்காயக்காரர் எல்லாரிடமும் அவரே போய்ப் பேசி, ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் கூடைகளை இறக்க வைத்தார். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே பேரம் பேசினார்கள். சர்க்கரை என்று வருகிறவர்கள் மறுபடி கூடினார்கள், முன்பு விட்டுப் போனவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தோம். மாதாந்திரக் கூட்டத்தில் ஏன் திடீரென்று கூடியது என்று முகத்தைச் சுளித்தார்கள். முன்னால் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அவரே எழுந்து சொன்னார். அதற்குப் பிறகு புதிதாக எதை ஆரம்பித்தாலும் முதலில் என் அறைக்குத்தான் வருவார். "மேடம், இதுல எங்க ஓட்டை இருக்குன்னு நல்லா வயித்தெரிச்சலோட பாத்துச் சொல்லுங்க" என்பார். நானும் மனதார எரிந்து பார்த்துச் சொல்வேன்.

ரஹ்மத் சோற்றைக் குறைத்தாள், சாயந்திரச் சமோசாவை விட்டாள். அப்படியும் வெறும் வயிற்று எண் இறங்க மறுத்தது, கொஞ்சமாக இன்சுலின் ஆரம்பித்தோம். புதுக்கோட்டைக்கு அனுப்பி ஸ்கேன் பார்த்தோம். முதல் குழந்தை போன அதே மாதம் நெருங்கியபோது, அசைவு தெரிகிறதா என்று அவளைவிட மாமியார்தான் அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சின்ன டாக்டரும் கலந்து பேசி, இனிமேல் உள்ளே விட்டுவைக்க வேண்டாம் என்று முடிவு செய்து வலி வரவழைத்தோம்.

அன்று பிரசவ அறையில் நான்தான் இருந்தேன். தலை வந்தது. தோள் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெண் குழந்தை, அளவான எடை, வந்ததுமே வீறிட்டது. எடுத்தது நான், துடைத்தது நான், ரஹ்மத்தின் நெஞ்சில் படுக்கவைத்தது நான். அவள் அழுதாள், சிரித்தாள், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சின்ன டாக்டரம்மாவக் கொஞ்சம் கூப்புடுறீங்களா? அவங்கதான் மொதல்ல பாக்கணும்."

நானே போன் போட்டேன். அவர் ஓடி வந்தார். மாமியார் குழந்தையை வாங்கி, என்னைத் தாண்டிப் போய், அவர் கையில் கொடுத்தார். நான் ஓரமாக நின்று கையுறையைக் கழற்றினேன். வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் அவர் கையில் அந்தக் குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.